தலையில்லாத டிஸ்க்குக்கு 255 தலை

என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டிய லினக்ஸ் கணினியிடம், உன் டிஸ்க்குக்கு எத்தனை தலை என்று கேட்டுப் பாருங்கள். எச்டிபார்ம் என்கிற சிறு நிரல் போதும். கொஞ்சமும் கூச்சப்படாமல் 64 என்று பதில் வரும். டிராக்குக்கு 32 செக்டார் என்றும் சேர்த்துச் சொல்லும். உள்ளே இருப்பதோ சில கறுப்புச் சில்லுகள். சுழல்வதற்குத் தட்டு இல்லை. தட்டு இல்லாததால் டிராக் இல்லை, டிராக்கின் மேல் மிதக்கத் தலையும் இல்லை. ஆனாலும் 64. அந்த எண்ணை எழுதிவைத்த புண்ணியவானே பக்கத்தில், ஏதோ வழக்கமான எண்கள் என்கிற பொருளில் ஒரு குறிப்பையும் போட்டிருக்கிறார். இவ்வளவு ஒளிவுமறைவில்லாத பொய்யை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இந்த வகைப் பொய்களைப் பழுது பார்ப்பது இப்போது என் பிழைப்பில் ஒரு பகுதி. இடம் மலேசியாவின் காம்பார். ஈயம் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்று ஏரிகளாகிவிட்ட ஊர். அந்த ஏரிக்கரையில் 2007 முதல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. கடைத்தெருப் பக்கம் வந்தால் கோழிக்கறியை வயிற்றுக்குள் வைத்துச் சுட்ட பெரிய ரொட்டி கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்திராத சர்வர்களுக்கு டிரைவர் எழுதுகிறேன். லினக்ஸின் மையமான கெர்னலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் நிரல் அது. எனக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் பொய்யை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொல்லச் சொல்கிறார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது டிஸ்க்குக்கு நிஜமாகவே தலை இருந்தது. எத்தனை என்று எண்ணலாம்.

1985 அக்டோபர் 24ஆம் தேதி அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்தது. ஈய விலை குப்புற விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்களை வரிசையாக மூடினார்கள். சுரங்கங்களுக்குப் பம்பும் வால்வும் விற்றுக்கொண்டிருந்த ஈப்போ தவுக்கே, அதாவது சீன முதலாளி ஒருவர், கடையின் பாதியைக் காலி செய்து கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தார். அவருக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. பேரிங் போகிற சாமான் எதுவானாலும் விற்கலாம் என்பது அவர் கொள்கை. காம்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் நான் அந்தக் கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கப் பழகினேன்.

அந்தக் காலத்து நாயகன் சீகேட் எஸ்டி-225. ஐந்தேகால் அங்குல டிஸ்க், இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு தலை. 615 சிலிண்டர் (எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிற்கும் டிராக்குகளின் அடுக்கு), 4 தலை, டிராக்குக்கு 17 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 21,411,840 பைட். 20 மெகாபைட் என்று சொல்லி விற்றார்கள், உள்ளே அதைவிடக் கூடவே இருந்தது. (பிற்காலத்தில் இந்தத் தாராளம் தலைகீழாகிவிட்டது.) தலை ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு நகரும் ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்கும். பழகிய காது இருந்தால், டிஸ்க் எந்தப் பக்கம் படிக்கிறது என்பதைத் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அதைக் கணினியில் பூட்டுவது ஒரு சடங்கு. எக்ஸ்டி வகையானால் டாஸில் டிபக்கைத் திறந்து ஜி=சி800:5 என்று அடிப்போம். கன்ட்ரோலர் அட்டைக்குள் இருக்கும் நிரல் எழுந்துவந்து, சிலிண்டர் எத்தனை, தலை எத்தனை என்று நம்மிடமே கேட்கும். கணினிக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஏடி வகையானால், கணினியை எழுப்பும் பயாஸ் நிரலில் ஒரு பட்டியல் இருக்கும். 1984இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஏடியில் பதினான்கு வகை. எஸ்டி-225 அதில் இரண்டாம் வகை. பின்னால் வந்த பயாஸ்களில் பட்டியல் நாற்பத்தாறு வரை நீண்டது. நாற்பத்தேழாவதில் எண்களை நாமே நிரப்பிக்கொள்ளலாம். பட்டியல் போட்டவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பதற்கு அந்த நாற்பத்தேழே சாட்சி.

எண் தவறினால் டிஸ்க் இருக்கும், கோப்பு இருக்காது. எழுதும்போது டிராக்குக்கு 17 என்று எண்ணி எழுதியதை 26 என்று எண்ணிப் படித்தால் எந்தப் பக்கம் போனாலும் வேறு ஏதோ ஒன்றுதான் கிடைக்கும். இந்த எண்களை ஞாபகம் வைத்திருப்பது ஒரு சின்ன பேட்டரி. சீனப் பெருநாளுக்கு அலுவலகத்தை நீளமாகப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள்; பேட்டரி செத்திருக்கும்; கணினி தனக்கு டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும். விடுமுறை முடிந்த மறுநாள் கடைத் தொலைபேசி ஓயாது. அதனால் தவுக்கே ஒரு விதி போட்டிருந்தார். விற்கிற ஒவ்வொரு கணினியின் மூடிக்குள்ளும் மூன்று எண்களை மார்க்கர் பேனாவால் எழுத வேண்டும். எழுதாமல் விட்ட கணினி திரும்பி வந்தால், ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். டெலிவரிக்குக் கொண்டு போகும் முன் பார்க் என்கிற கட்டளையைக் கொடுத்துத் தலைகளை ஓரமாக ஒதுக்குவோம். ஈப்போவிலிருந்து கோப்பேங் வழியாகக் காம்பார் வரும் பழைய சாலையில் வேன் குலுங்குகிற குலுக்கலில் தலை தட்டில் மோதினால் விற்ற சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அந்நியமில்லை. ரப்பர்க் காட்டில் இடம் சொல்வது நிரையையும் மரத்தையும் வைத்து. பதினாலாம் நிரை, ஒன்பதாம் மரம் என்றால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் விடியாத இருட்டிலும் நேரே போய் நிற்பார். பிறகு ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனையை முக்கோணமாக நடுவது வழக்கம். இடைவெளி வேறு, எண்ணிக்கை வேறு. என்றாலும் பெரியவர்கள் ரொம்ப காலத்துக்குப் பதினாலாம் நிரை முனையில் பாம்புப் புற்று என்று ரப்பர் முகவரியைத்தான் சொன்னார்கள். கேட்டவர்களும் மனதுக்குள் மாற்றிக்கொண்டு சரியான பனைக்கே போனார்கள். 1990 வாக்கில் டிஸ்க்குக்கு நடந்தது அச்சாக இதுதான்.

தட்டின் வெளி விளிம்பு நீளம், உள் விளிம்பு குட்டை. இரண்டிலும் 17 செக்டார் என்பது வெளியே இடத்தை வீணாக்குவது. ஆகவே வெளி டிராக்குகளில் அதிகச் செக்டார், உள்ளே போகப் போகக் குறைவு என்று எழுத ஆரம்பித்தார்கள். கன்ட்ரோலரின் மூளை டிஸ்க்கின் முதுகிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு ஐடிஇ என்று பெயர். இனி டிராக்குக்கு எத்தனை செக்டார் என்றால், எந்த டிராக்குக்கு என்று எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். ஆனால் பயாஸுக்கும் டாஸுக்கும் மூன்றே மூன்று எண் சொல்லித்தான் பழக்கம். டிஸ்க் அவர்களுக்காக மூன்று எண்ணைக் கற்பனை செய்து சொல்லிவிட்டு, வரும் முகவரியை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டது.

லேபிளில் 16 தலை என்று அச்சிட்டிருப்பார்கள். 16 தலை வேண்டுமானால் எட்டுத் தட்டு வேண்டும். டிஸ்க்கின் மொத்த உயரமே ஓர் அங்குலம். செத்துப்போன ஒன்றைக் கடையில் பிரித்துப் பார்த்தோம். இரண்டே தட்டுதான். தவுக்கே லேபிளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விற்பனைச் சீட்டில் 16 என்றே போடச் சொன்னார்.

எங்கள் வீட்டில் நிஜத் தலையைப் பார்த்தவர் அக்கா. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கிய பிறகு, எண்பதுகளின் கடைசி முதல் டிஸ்க் கம்பெனிகள் அங்கே குவிய ஆரம்பித்தன. சீகேட், கோனர், தட்டு மட்டும் செய்யும் கோமாக் என்று ஒவ்வொன்றாக வந்தார்கள். தோட்டத்துப் பெண்களுக்குப் பால்மரத்தைவிட மைக்ராஸ்கோப் மேல் என்று பட்டது. அக்காவும் போனார். தலையோடு கால் மூடிய வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. கையில் பிடிப்பது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள துண்டு, அதுதான் தலை. அதை மெல்லிய உலோகக் கரத்தில் ஒட்ட வேண்டும், மயிரிழையை விட மெல்லிய கம்பியைச் சேர்க்க வேண்டும், கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால், நான் பயாஸில் தட்டும் எண்களைக் கேட்டுச் சிரிப்பார்.

"பதினாறு தலையா? எந்தக் கம்பெனிலடா இவ்ளோ தலை போடுறான்? எங்க லைன்ல நாலுக்கு மேல பார்த்ததே இல்ல."

நான் லேபிளைக் காட்டுவேன். லேபிள் ஒட்டுகிறவர்கள் வேறு பில்டிங் என்பார்.

1994இல் 540 மெகாபைட் டிஸ்க் வந்து பொய்யின் முதல் வரம்பை முட்டியது. பயாஸின் பழைய வழக்கப்படி சிலிண்டருக்குப் பத்து பிட், அதாவது 1024 வரை. செக்டாருக்கு ஆறு பிட். எண்ணுவது ஒன்றிலிருந்து என்பதால் 63. தலைக்குத் தாராளமாக எட்டு பிட். டிஸ்க் பக்கத்து வழக்கத்தில் சிலிண்டருக்குப் பதினாறு பிட் இருந்தது, தலைக்கு நாலே பிட். ஆகவே 16க்கு மேல் போக முடியாது. ஒவ்வொன்றிலும் இருவருக்கும் பொதுவான சிறிய எண்ணை எடுத்தால் 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டார்: 528,482,304 பைட். இரண்டு பேரும் தனித்தனியே தாராளமானவர்கள், சேர்ந்தபோது கஞ்சர்களாகிவிட்டார்கள். 540 மெகாபைட் டிஸ்க்கின் லேபிளில் 1048 சிலிண்டர் என்று இருக்கும். மேலே நிற்கும் 24 சிலிண்டரை, அதாவது 12 மெகாபைட்டை மறந்துவிட வேண்டியதுதான். சில பழைய பயாஸ்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 1024ஐத் தாண்டியதும் சுழியிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். அப்போது 24 சிலிண்டர்தான் இருப்பதாகத் தோன்றும். 540 கொடுத்து வாங்கியவருக்குத் திரையில் 12. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்காமல் பேசும் கலையை அந்த வருஷம்தான் கற்றேன்.

தீர்வு என்று வந்தது இன்னும் பெரிய பொய். தலைக்குத்தான் பயாஸ் பக்கம் எட்டு பிட் சும்மா கிடக்கிறதே, சிலிண்டரைக் குறைத்துத் தலையைக் கூட்டிச் சொல்வோம் என்றார்கள். 256 தலை வைத்திருக்கலாம். டாஸுக்கு 256ஐச் சரியாகக் கையாளத் தெரியவில்லை. ஆகவே 255. உலகம் முழுக்க டிஸ்க்குகளுக்கு 255 தலை முளைத்தது இப்படித்தான். அதுவும் 8.4 கிகாபைட்டில் தீர்ந்தது. அதற்கு மேல் டிஸ்க்குகள் வெட்கத்தை முழுசாக விட்டுவிட்டு, 16383, 16, 63 என்கிற ஒரே எண்ணைச் சொல்ல ஆரம்பித்தன. 10 கிகாபைட் டிஸ்க்கும் அதையே சொன்னது. 10 டெராபைட் டிஸ்க்கும் அதையே சொல்கிறது. நிஜ முகவரிக்கு எல்பிஏ வந்துவிட்டது: சுழியிலிருந்து தொடங்கி ஒரே நீள வரிசையில் எண். தலை, சிலிண்டர் எல்லாம் அதோடு ஓய்வு பெற்றிருக்க வேண்டும்.

பெறவில்லை. டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை 1983இன் டாஸ் 2.0 காலத்துச் சொத்து. ஒவ்வொரு பதிவிலும் பதினாறு பைட். அதில் மூன்று பைட் தொடக்கத்தின் சிலிண்டர்-தலை-செக்டார், மூன்று பைட் முடிவினுடையது. ஜிபிடி என்கிற புது அட்டவணை வந்த பிறகும் முதல் செக்டாரில் பழைய அட்டவணையின் பொம்மை ஒன்றை வைக்க வேண்டும். அதிலும் அந்த மூன்று மூன்று பைட்டுகளை நிரப்ப வேண்டும். இன்று காலை கடையில் வாங்கிய டிஸ்க்கிலும் பார்ட்டிஷன் போட்டதும் அது வந்துவிடும்.

யாரும் படிக்காத எண் என்றால் தொல்லை இல்லை. யாரோ ஒருவர் எப்போதும் படித்துக்கொண்டிருக்கிறார். 2004 மே மாதம் ஃபெடோரா கோர் 2 என்கிற லினக்ஸ் வெளிவந்தது. அதன் 2.6 கெர்னல் பழைய வழக்கத்தை விட்டு, பயாஸ் என்ன வடிவம் நினைத்திருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டது. டிஸ்க் தானே சொல்லும் 16 தலையை அப்படியே ஒப்பித்தது. நிறுவும் நிரல் அதை நம்பிப் பார்ட்டிஷன் அட்டவணையைத் திருத்தி எழுதியது. அதே டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் 255 தலைக் கணக்கில் எழும்பப் பார்த்து, எழும்ப முடியாமல் படுத்துக்கொண்டது. ஒரு கோப்பும் அழியவில்லை. தலை எத்தனை என்பதில் இரண்டு கற்பனைகளுக்கு இடையே கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். அட்டவணையை 255 தலைக் கணக்கில் திரும்ப எழுதினால், அல்லது பயாஸில் டிஸ்க்கை எல்பிஏ என்று குறித்தால், விண்டோஸ் எழுந்து நின்றது. ஆன்ட்ரீஸ் பிரவுவர் இந்தப் பொய்களின் வம்சாவளியை முன்பே ஒரு நீண்ட வழிகாட்டியாக எழுதிவைத்திருந்தார். வழிகாட்டிகளை மக்கள் எப்போது படிப்பார்கள் என்பது தெரிந்ததே.

63இன் கதையும் இப்படித்தான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் டிராக்கை ஒதுக்கிவிட்டு 63ஆம் செக்டாரில் பார்ட்டிஷனைத் தொடங்குவது பல்லாண்டு வழக்கம். 2010 வாக்கில் டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டாருக்கு மாறின. எட்டு சிறிய செக்டார் சேர்ந்தால் ஒரு பெரியது. 63 எட்டால் வகுபடாது. ஒவ்வொரு எழுதலும் இரண்டு பெரிய செக்டாரின் மேல் கால் பரப்பி நின்றது, வேகம் படுத்தது. இல்லாத டிராக்குக்கு மரியாதை கொடுத்ததற்கு நிஜ நேரம் செலவானது. பிறகு தொடக்கத்தை 2048க்கு மாற்றினார்கள்.

2048 எனக்குப் பிடித்த எண். முதலில் சொன்ன 64 தலையையும் 32 செக்டாரையும் பெருக்கினால் 2048 செக்டார் வரும், சரியாக ஒரு மெகாபைட். அதாவது அந்தக் கற்பனை டிஸ்க்கில் ஒரு சிலிண்டர் என்பது ஒரு மெகாபைட். சிலிண்டர் எத்தனை என்று வகுத்துப் பார்க்கவே வேண்டாம். செக்டார் எண்ணிக்கையைப் பதினொரு பிட் வலப்பக்கம் தள்ளினால் போதும். மெய்நிகர் டிஸ்க்குக்கான விர்ட்டியோ டிரைவரும் என்விஎம்இ டிரைவரும் செய்வது அதுதான். சொல்லித்தான் ஆக வேண்டிய பொய்யாக இருந்தால் இப்படி அழகாகச் சொல்ல வேண்டும்.

நான் இப்போது பராமரிக்கும் டிரைவரும் அந்த அழகை அப்படியே எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் ஒருவரின் பழைய நிறுவி நிரல், 64 கிகாபைட் மெய்நிகர் டிஸ்க்கைப் பார்த்து, இதில் இடமே இல்லை என்று மறுக்கிறது என்று புகார் வந்தது. 60இல் வேலை செய்கிறது, 63இல் செய்கிறது, 64இல் மறுக்கிறது. 65இல் ஒத்துக்கொள்கிறது, ஆனால் டிஸ்க் ஒரே ஒரு கிகாபைட்தான் என்கிறது.

அக்காவின் கடைசி மகன் ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறான். தங்குவது என் வீட்டில். புகாரை எட்டிப் பார்த்தவன், "அறுபத்துநாலு சுத்தமான நம்பராச்சே மாமா, அதுல போய் எப்படி லா பிரச்சினை வரும்?" என்றான்.

சுத்தமான எண்ணாக இருப்பதே பிரச்சினை. எச்டிஐஓ-கெட்ஜியோ என்பது கெர்னலிடம் வடிவம் கேட்கும் அழைப்பு. பதில் தரும் படிவத்தில் நான்கு கட்டம்: தலைக்கு எட்டு பிட், செக்டாருக்கு எட்டு பிட், சிலிண்டருக்குப் பதினாறு பிட், கடைசியாகப் பார்ட்டிஷன் தொடங்கும் இடம். அந்தக் கடைசிக் கட்டத்தைக் கெர்னலே நிரப்பிக் கொடுக்கிறது. நான்கில் நிஜம் அது ஒன்றுதான். பதினாறு பிட்டில் அடங்கும் பெரிய எண் 65,535. சிலிண்டர் ஒரு மெகாபைட் என்றால் 64 கிகாபைட்டுக்கு 65,536 சிலிண்டர். ஒன்றே ஒன்று கூட. மேல் பிட் வெளியே விழுந்து உள்ளே சுழி நிற்கும். 128, 256, 512, ஒரு டெராபைட் எல்லாமே சுழி. 1994இன் பயாஸ் 540ஐப் பன்னிரண்டாக்கிக் காட்டியது போய், இப்போது ஒரு டெராபைட்டைச் சுழியாக்குகிறோம். வளர்ச்சிதான்.

இத்தனை நாள் இது வெளியே தெரியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. நிஜ டிஸ்க்குகள் பெரும்பாலும் இப்படிச் சுத்தமான அளவில் வருவதில்லை. 80 கிகாபைட் என்று விற்றதில் இருந்தது 80,026,361,856 பைட். அதை இதே முறையில் சொன்னாலும் தப்பான எண்தான் வரும், ஆனால் சுழி வராது. தப்பான எண்ணை யாரும் கவனிப்பதில்லை. மெய்நிகர் டிஸ்க்கின் அளவை மனிதர்கள் வாயால் கேட்கிறார்கள். மனிதர்கள் 64, 128, 256 என்றுதான் கேட்பார்கள்.

"பேசாம அந்தக் கேள்விக்கே பதில் இல்லன்னு சொல்லிட்டா என்ன மாமா? தலையே இல்லாத டிஸ்க்குதானே," என்றான் பையன்.

நியாயமான கேள்வி. 2006இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் இந்த வேலையைக் கெர்னலில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, டிரைவர் கெட்ஜியோ என்கிற செயலைத் தராமல் விட்டுவிடலாம். கேட்பவருக்குப் பிழைச் செய்தி போகும். புது நிரல்கள் அதைப் பொருட்படுத்தாது. பார்ட்டிஷன் போடும் இன்றைய எஃப்டிஸ்க் சிலிண்டர் கட்டத்தை நம்பாமல் டிஸ்க்கின் மொத்த அளவிலிருந்து தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பழைய நிறுவியோ பதில் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். பொய் சொன்னால் நடக்கிறது, உண்மையைச் சொன்னால் நின்றுவிடுகிறது. பையன் இதைத் தன் பாடக் குறிப்பில் எழுதிக்கொள்ளப் போனான். தேர்வில் எழுதாதே என்று எச்சரித்தேன்.

இந்த மாதிரி இடத்தில், ஸென் என்கிற மெய்நிகர் கணினி அமைப்புக்கு டிரைவர் எழுதியவர்களின் வழி எனக்குப் பிடிக்கும். நிஜ வடிவம் நம்மிடம் இல்லை, டிஸ்க்கின் அளவோடு முரண்படாத எண்ணையாவது தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு 255, 63 என்று போடுவார்கள். சிலிண்டர் கட்டத்தில் அடங்காவிட்டால் 65,535இல் நிறுத்திவிடுவார்கள். 255ஐயும் 63ஐயும் பெருக்கினால் சிலிண்டருக்கு 16,065 செக்டார். அந்தக் கணக்கில் கட்டம் நிரம்புவது 502 கிகாபைட்டில்.

அதற்காக எல்லா டிஸ்க்கையும் 255க்கு மாற்றிவிட முடியாது. 64க்குக் கீழே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கணினிகளின் அட்டவணைகள் 64 தலைக் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம். அவற்றைத் தொட்டால் 2004ஐ நானே இங்கு மறுபடி நடத்திக் காட்டியதாகும். ஆகவே 64 கிகாபைட்டுக்குக் கீழே பழைய பொய், அதிலிருந்து மேலே புதிய பொய், 502க்கு மேல் 65,535இல் முட்டி நிற்கும் பொய். மொத்தம் ஏழெட்டு வரி. எதற்கு இந்த மூன்று என்று விளக்கும் குறிப்பு அதைவிட நீளம்.

என் திருத்தத்தைச் சரிபார்த்தவர் கவனமானவர். 64 கிகாபைட்டுக்கு இப்போது 8,354 சிலிண்டர் வருகிறது, பெருக்கிப் பார்த்தால் 5,487,616 பைட் குறைகிறதே, அது எங்கே போயிற்று என்று கேட்டார். எங்கும் போகவில்லை, ஒரு முழுச் சிலிண்டருக்குக் காணாது என்பதால் கணக்கில் ஏறவில்லை. 8,355 என்று போட்டால் இல்லாத 2.7 மெகாபைட்டை இருப்பதாகச் சொன்னதாகிவிடும் என்று பதில் எழுதினேன். குறைத்துச் சொல்லும் பொய் பாதுகாப்பானது என்று ஒப்புக்கொண்டார். எழுதி முடித்த பிறகு எனக்கே ஒரு எண் உறுத்தியது. 1980இல் சீகேட் வெளியிட்ட எஸ்டி-506, ஐந்தேகால் அங்குல ஹார்ட் டிஸ்க்குகளில் முதலாவது. அதன் முழுக் கொள்ளளவு 5 மெகாபைட். நாங்கள் ஓரத்தில் சிந்தவிட்டது அதைவிடப் பெரிது.

தீபாவளிக்கு அக்கா வந்திருந்தார். கண் இப்போது சரியில்லை. மைக்ராஸ்கோப்பின் உபயம் என்பார். பையன் உற்சாகமாக, "அம்மா, மாமா ஒரு டிஸ்க்குக்கு 255 தலை வச்சிருக்காரு," என்று போட்டுக்கொடுத்தான். நான் விளக்கத் தயாரானேன். அக்கா முறுக்கைக் கடித்தபடி யோசித்தார்.

"ஒத்தப்படையா வருதே தம்பி. அப்ப கடைசித் தட்டுல ஒரு பக்கம் தலை போடாம விட்டிருக்கான். நாங்களும் சில மாடல்ல அப்படித்தான் விடுவோம். கம்பெனிக்கு ஒரு தலை மிச்சம்."